கயிறு அவிழ்க்கும் முன்: ஆபத்துக் கருவியைப் பற்றி ஒரு பழைய ஸ்ராங்கு (படகோட்டி)

தூத்தூரிலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன காலத்தில், ஒரு நள்ளிரவில் எங்கள் விசைப்படகின் என்ஜின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. ஆபத்தில் கரைக்குச் செய்தி அனுப்பும் டி.ஏ.டி. கருவியைத் தேடினால், அரிசி மூட்டைக்கும் பழைய கயிற்றுக்கும் அடியில் கிடக்கிறது. எடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டு ஒன்பது பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல அந்தக் கருவிக்கு வாய் இல்லை. தண்ணீரை விட அந்தச் சந்தேகம்தான் எங்களை வதைத்தது. விடியும் நேரத்தில், ஒயர்லெஸில் எங்கள் குரலைக் கேட்ட பக்கத்துப் படகு வந்து கயிறு போட்டது.

2010 முதல் புழக்கத்தில் இருக்கும் இஸ்ரோவின் கருவி அது. நீங்கள் அழுத்தினால் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, உங்கள் செய்தி கிடைத்துவிட்டது என்று பதிலும் தரும். கைபேசியோடு புளூடூத்தில் இணைத்தால் கரையிலிருந்து வரும் செய்தியைத் தமிழிலேயே படிக்கலாம். 2017 ஒக்கிப் புயலின்போது எங்கள் ஊர்க்காரர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அதனால் கரையிலிருந்து பதிலும் செய்தியும் வரும் அந்த வசதிக்காகவே புதியதை வாங்கச் சொல்வேன்.

கருவியை வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கதவருகே, கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஆபத்தில் அதைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்துதான் அழுத்த வேண்டும்; தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும், கூரை கூடாது. தீ, மூழ்குதல், மருத்துவ உதவி என்று ஆபத்துக்கேற்ற பொத்தான்கள் இருக்கின்றன. எது எதற்கு என்று பகலிலேயே பார்த்துவையுங்கள். அழுத்திய பிறகு அணைக்காதீர்கள். படகை விற்றாலோ வாங்கினாலோ கருவியின் பதிவில் உரிமையாளர் விவரத்தை மாற்றுங்கள். பழைய முதலாளியின் வீட்டுக்குப் போன் போய் என்ன பயன்?

செயற்கைக்கோளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முதலில் வந்து சேருவது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். வி.எச்.எஃப். ஒயர்லெஸில் 16ஆம் சேனலுக்குப் போய், "மேடே" என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, படகின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை எண் எண்ணாக, நிதானமாக. என்ன ஆபத்து, எத்தனை பேர். சொல்லி முடித்ததும் ஒயர்லெஸின் பேசும் பொத்தானை விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே கத்தினால் பதில் உங்கள் காதில் விழாது. பதற்றத்தில் நானே அப்படிக் கத்தியிருக்கிறேன்.

இடத்தைக் காட்டக் கையில் பிடித்து எரிக்கும் தீச்சுடரை, தேடி வருகிறவர் உங்கள் கண்ணில் பட்ட பிறகே கொளுத்துங்கள். காற்று படகை விட்டு வெளியேறும் பக்கமாகக் கையை நீட்டிப் பிடித்தால் பொறி வலையில் விழாது.

தவறுதலாகக் கருவியை அழுத்திவிட்டால் வெட்கப்படாமல் 16இல் உடனே சொல்லுங்கள். சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் 1554க்குக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

நான் ஓட்டிய கடைசி வருடங்களில், துறைமுகத்தில் கயிறு அவிழ்க்கும் முன் சமையல் பையனை அழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கருவியை எடுத்து வரச் சொல்வேன். அவன் தடவித் தேடினால் அன்று படகு கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பும்.