புட்டு, சொதி, சம்பல்: இருதயத்துக்காக எங்கே கை வைப்பது?

இருதய வருத்தம் என்றதும் இறைச்சியையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, இரவில் புட்டு, சொதி, சம்பலோடு இருந்துவிடுவோர் யாழ்ப்பாணத்தில் அதிகம். அந்தக் கோப்பையைப் பாருங்கள். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சம்பலிலும் தேங்காய்ப்பூ, சொதியில் பால். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 30 கிராம் நிரம்பிய கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது அதுதான். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 22 கிராமுக்கு மேல் ஆகாது.

தேங்காயை விடத் தேவையில்லை. ஒரு வேளைக்கு ஓரிடத்தில் வையுங்கள். சம்பல் அரைத்தால் புட்டுக்குத் தேங்காய்ப்பூ வேண்டாம். சொதியை இரண்டாம் பாலில் வையுங்கள். கொழுப்பில் பெரும்பங்கு முதற்பாலோடு போய்விடும். நாலு பேருக்கு முதற்பால் 2 மேசைக்கரண்டி போதும். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். கொதிக்கையில் விட்டால் திரையும். திரைந்ததை மறைக்க இன்னும் முதற்பால் ஊற்றுவதுதான் வழக்கமாக நடப்பது. வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டால் தண்ணிச்சொதி என்ற முறைப்பாடு வராது.

வெள்ளைக் கோதுமை மாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் சமபங்கு எடுங்கள். குரக்கன் தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். தெளித்துக் குழைத்து 10 நிமிடம் விட்டபின் சுண்டால் கொத்துங்கள்; அவசரப்பட்டு மேலும் தண்ணீர் விட்டால் களிதான். குரக்கன்தானே என்று இரட்டிப்பாகச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். கோப்பையில் பாதி முருங்கையிலை வறையோ மரக்கறியோ இருக்கட்டும்.

அடுத்தது உப்பு. பிறெசரைக் கூட்டுவதில் முன்னுக்கு நிற்பது இதுதான். ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், பாண் எல்லாம் இதற்குள்தான் அடக்கம். 400 கிராம் உப்புப் பைக்கற்றில் திறந்த திகதியை எழுதிவையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 20 நாளுக்கு முன் முடிந்தால், கருவாட்டைச் சேர்க்காமலே அளவு தாண்டிவிட்டது. ஆனையிறவுக் கல்லுப்பிலும் சோடியம் குறைவில்லை. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றுங்கள். அப்படியும் உள்ளே ஏறிய உப்பு முழுதும் போகாது. ஆகவே அந்தக் குழம்புக்கு வேறு உப்புப் போடாதீர்கள்.

ஒடியல் கூழை ஏனோ பலர் பாரச்சாப்பாடு என்று ஒதுக்குகிறார்கள். தேங்காய்ப்பால் இல்லை, தாளிப்பும் இல்லை. மீன், பயித்தங்காய், முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில். உப்பை மட்டும் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். சூடை, சாளை போன்ற எண்ணெய்ச்சத்துள்ள மீனைக் கிழமைக்கு இரண்டு நாள் குழம்பாக வையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

சலரோகத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சோற்றையும் புட்டையும் சடுதியாகக் குறைத்தால் சீனி இறங்கி மயங்கக்கூடும். முதலில் வைத்தியரோடு கதையுங்கள். சிறுநீரக வருத்தக்காரர் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை வாங்கக்கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குளிசை எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் நிறைய, பிறகு ஒரு கிழமை இல்லை என்றில்லாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.