இலத்தீன் துணை வாசிப்பில் நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இலத்தீன் படிப்பவர்கள் சிலர்தான். அவர்களில் பெரும்பாலானோர் குருத்துவப் படிப்பில் இருக்கும் பெடியன்கள். இலக்கணப் புத்தகம் முடியும் தறுவாயில் "இனி எதை வாசிக்கலாம்?" என்று கேட்பார்கள். முதற்பிழை அங்கேதான் இருக்கிறது. துணை வாசிப்பு இலக்கணத்துக்குப் பிறகு வருவதில்லை, அதோடு கூடவே நடக்க வேண்டும். முதல் வேற்றுமை வாய்பாட்டைப் பாடமாக்கும் வாரத்திலேயே நாலு வரிக் கதை ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, பெயருக்காக நூலைத் தெரிவது. சீசர் கால்லியாவில் (இன்றைய பிரான்சுப் பக்கம்) நடத்திய போர் பற்றி எழுதிய குறிப்புகளைத்தான் பலர் முதலில் எடுக்கிறார்கள். 'கால்லியா முழுவதும் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது' என்ற தொடக்கம் இலகுவாகத்தான் தெரியும். அதே வாக்கியத்தில் மூன்றாம் பகுதிக்கு வரும்போது 'வாழ்கிறார்கள்' என்ற வினையும் இல்லை, 'அவர்கள்' என்ற சொல்லும் இல்லை. முன்னால் வந்ததைக் கொண்டு நாமே நிரப்ப வேண்டும். ஆறு மாதம் படித்தவருக்கு அது சுவர். நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் அகராதி தேவைப்பட்டால், அந்த நூலைப் பிறகு பார்க்கலாம்.

போட்டோக்கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் பொருள் எழுதுவதும் கூடாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் படித்தேன். கண் பென்சில் எழுத்திலேயே ஓடும், கீழே இருக்கும் இலத்தீன் மனதில் ஏறாது. தெரியாத சொல்லைக் கொப்பியில் தனியாக எழுதுங்கள், பக்கத்தைச் சுத்தமாக விடுங்கள்.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது, ஆங்கிலத்தின் வழியாகவே இலத்தீனுக்குப் போவது. துணைநூல்களின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் மாணவரும் மனதுக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு தமிழாக்குகிறார். டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்பெர்க் முழுக்க இலத்தீனிலேயே எழுதிய 'ஃபமிலியா ரொமானா' 35 அதிகாரங்கள் கொண்டது. அதன் முதல் வரி: 'ரோம இன் இதலியா எஸ்த்.' அப்படியே தமிழில் சொல்லுங்கள்: உரோமை இத்தாலியில் இருக்கிறது. சொல் வரிசை மாறவே இல்லை, வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் போனால் வினையை நடுவுக்கு இழுத்துவிட்டுத் திரும்பவும் கடைசிக்குத் தள்ள வேண்டும்.

வேற்றுமையும் அப்படித்தான். இலத்தீனின் அப்லாத்திவ் வேற்றுமை ஏன் இத்தனை வேலை செய்கிறது என்று திகைக்க வேண்டாம். வாளால், நண்பனோடு, உரோமையிலிருந்து, தோட்டத்தில் என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் அது ஒன்றே சுமக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நம்மை ஏமாற்றும். நாம் 'தண்ணீர் குடிக்கிறான்' என்று ஐ உருபை விட்டுவிடுவோம். இலத்தீன் விடாது, 'அக்வம் பிபித்' என்று அந்த 'ம்' நிற்கத்தான் வேண்டும்.

நெடில் குறி, அதாவது நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் இடும் கோடு, இல்லாத பதிப்பைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். மேலே சொன்ன வரியிலும் 'இதலியா' என்று நெடிலில் முடிவதால்தான் 'இத்தாலியில்' என்ற பொருள். குறிலில் முடிந்தால் வெறும் இத்தாலி. குறிலும் நெடிலும் நமக்குச் சின்ன வயதிலேயே காதில் ஏறியவை. குறியில்லாத பதிப்பு அந்த வசதியை வீணாக்கிவிடும்.

செபங்களை வாசிப்பாகக் கணக்கிடுவது இங்கே அதிகம். 'பாத்தெர் நொஸ்தெர்' (பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்ற செபம்) பாடமாகத் தெரியும், அதனால் வாசித்துவிட்டதாக நினைப்பு. நாக்குத்தான் ஓடுகிறது. 'சாங்க்திஃபிச்சேத்துர்' என்ற ஒரு சொல்லில் நின்று பாருங்கள். செயப்பாட்டு வினை, அதோடு விருப்பப் பொருள். நம் பழைய செபத்தில் உள்ள 'அர்ச்சிக்கப்படுவதாக' அந்த இரண்டையும் சிந்தாமல் எடுத்து வந்திருக்கிறது. இப்படி நின்று பார்த்தால் செபமும் பாடநூல்தான். (பூசையில் வரும் 'கீரியே எலேயிசோன்' கிரேக்கம். அதை இலத்தீன் அகராதியில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.)

அப்புறம், இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவை 'கீழான இலத்தீன்' என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் புனித ஜெரோம் தொடங்கிய அந்த மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் குறுகியவை, கதை ஓட்டமானது. 'நல்லது என்று கடவுள் கண்டார்' என்பதை அது 'குவொத்' என்ற இணைப்புச்சொல் போட்டு, நம் 'என்று' போலவே சொல்லிவிடும். உரோமைப் பேச்சாளர் சிசெரோவின் காலத்து நடை அதற்கு வேறு அமைப்பைக் கேட்கும். அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொண்டு வாசித்தால் ஒரு குறையும் வராது.

நெடில் குறியோடு சில மாதம் பழகியவருக்கு நான் வுல்காத்தாவில் உள்ள ரூத்தின் கதையைத்தான் கொடுப்பேன். நாலே அதிகாரம். பஞ்சம், இடப்பெயர்வு, மாமியாரை விட்டுப் போகாத மருமகள், வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது என்று எல்லாம் நமக்குத் தெரிந்த காட்சிகள். முதல் தடவை அகராதியைத் தொடாமல் ஒரு அதிகாரம் முழுக்க வாசியுங்கள். இரண்டாம் தடவை தடக்கிய சொற்களை மட்டும் பாருங்கள். மூன்றாம் தடவை சத்தமாக.