பள்ளிக்கரணையில் பிள்ளைகளோடு ஒரு காலை

விடுமுறைக்குச் சென்னை வரும் பிள்ளைகளின் தூக்கக் குழப்பத்தை வீணாக்காதீர்கள். சிட்னியிலிருந்து வந்தவர்கள் முதல் சில நாள் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பறவை பார்க்க அந்த நாட்கள்தான் தோது. லண்டன் பிள்ளைகள் நேர்மாறு. எட்டு மணிக்கும் எழுப்ப முடியாது. அவர்களை மாலையில் வெயில் தாழ்ந்தபின் கூட்டிப்போங்கள்.

“குப்பைமேட்டைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தீர்கள்?” என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வளர்ந்தது இந்தச் சதுப்பின் மேல்தான். காற்று திரும்பினால் நாற்றம் வரும். ஆனாலும் எஞ்சிய நிலத்தை நீர்ப்பறவைகள் கைவிடவில்லை. 2022-இல் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பறவை பார்ப்பவர்கள் உண்டு. கைப்பிடியில் நிற்காத பிள்ளைகளோடு அந்த வேலை வேண்டாம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது; திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, கொசுக் களிம்பு அவசியம். கழிப்பறை வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

பூநாரை (ஃபிளமிங்கோ) காட்டுவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். வெகு தூரத்தில் வெளிறிய கோடாக நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “இது பிங்க் இல்லையே” என்றாள் என் ஐந்து வயது மகள். பைனாகுலரும் உதவவில்லை, அந்த வயதில் அதைக் கண்ணில் நிலையாகப் பிடிக்க வராது.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் பறவைதான் பிள்ளைகளுக்குச் சரி. நீலத் தாழைக்கோழியிலிருந்து தொடங்குங்கள். நீல உடல், சிவந்த அலகு, நெற்றியிலும் சிவப்பு. கோரைத்தண்டைப் பிடுங்கி, நீண்ட கால்விரல்களால் இறுக்கிப் பிடித்து, நாம் கரும்பு கடிப்பதுபோல் நிதானமாகக் கடித்துத் தின்னும். மகள் அதன் முன்னால் இருபது நிமிடம் அசையாமல் நின்றாள். வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அடுத்து நாமக்கோழி. கறுப்பு உடலில் வெள்ளை நெற்றியைப் பார்த்தால் பெயர்க்காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முக்குளிப்பான் பறவையை வைத்து ஒரு விளையாட்டு: அது மூழ்கியதும் எண்ணத் தொடங்குங்கள், எங்கே தலை தூக்கும் என்று பந்தயம் கட்டுங்கள். பெரும்பாலும் எல்லோருமே தோற்போம். பட்டியல் போட்டு இனங்களை எண்ணுவதைப் பிறகொரு நாள் தனியாக வந்து வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஆனதும், அழுகைக்கு முன்பே, கிளம்பிவிடுங்கள்.

அன்று மாலை மகள் முறுக்கைக் கால்விரலில் இடுக்கித் தின்னப் பார்த்தாள். மாமியார் முறைத்தது என்னைத்தான்.