துப்பாக்கி உரிமத்துக்கான மனநலச் சான்று: பெறும் முறையும் சட்ட விளைவுகளும்

பயிரைக் காக்க, குழலின் வாய்வழியே வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி கேட்கும் மலையோர விவசாயி, வங்கி வாசலில் காவல் நிற்கும் முன்னாள் படைவீரர், சுடுதல் போட்டிக்குத் தயாராகும் வீராங்கனை என யார் விண்ணப்பித்தாலும், இந்தியாவில் துப்பாக்கி உரிமம் பெற ஒரு மருத்துவச் சான்றை இணைத்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அதற்கென்றே எஸ்-3 என்ற படிவத்தை வகுத்திருக்கின்றன. விண்ணப்பதாரரின் உடல்தகுதி, மனநலம் ஆகியவற்றோடு, அவர் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாகாதவர் என்பதையும் மருத்துவர் அதில் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சான்றை வெறும் சம்பிரதாயமாக நினைத்து, தெரிந்த மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று போகிறவர்கள் பலர். என்றோ ஒரு காலத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதால் இனி உரிமமே கிடைக்காது என்று அஞ்சி, அந்த விவரத்தை மறைக்கிறவர்களும், அதைவிட மோசமாக, உரிமம் பறிபோய்விடும் என்று பயந்து சிகிச்சையையே தவிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி இரு தரப்பினருக்குமானது என்றாலும், இரண்டாம் தரப்பினரை மனத்தில் வைத்தே பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. சட்டம் நிபந்தனையோடு தரும் அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 14ஆவது பிரிவில், விண்ணப்பதாரர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தாலோ, வேறு எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர் என்று தோன்றினாலோ, உரிமம் வழங்கும் அதிகாரி மறுக்க வேண்டும் என்கிறது. உரிமம் கொடுத்த பிறகு அதே நிலை ஏற்பட்டால், 17ஆவது பிரிவின்படி அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் இந்த அதிகாரத்தைச் செலுத்துகிறார்கள்.

சித்த சுவாதீனம் இல்லாதவர் என்பதற்கும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் என்பதற்கும் சட்டத்திலேயே இடைவெளி உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்ததை மட்டுமே வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது என்றும், தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தால்தான் அப்படிக் கருத முடியும் என்றும் 3ஆவது பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே பதற்ற நோய்க்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவரைப் பார்த்திருக்கிறீர்கள் என்ற ஒன்றே உங்களைத் தகுதி நீக்கம் செய்துவிடாது. ஆனாலும் இந்தப் பிரிவு ஒன்றையே நம்பி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவது போதாது. ஆயுதச் சட்டத்தில் உள்ள 'வேறு எந்தக் காரணத்தாலாவது' என்ற சொற்கள் அதிகாரிக்கு மிகப் பரந்த இடத்தைக் கொடுக்கின்றன; அந்த இடத்தில் உங்களுக்குத் துணை நிற்பது சட்ட வாதத்தைவிட, உங்களை நன்கு அறிந்த மனநல மருத்துவர் காரணங்களோடு எழுதித் தரும் கருத்துதான்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் விவரத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி வாங்குகிறவரிடம் மருத்துவச் சான்று எதையும் கேட்பதில்லை. நீதிமன்றமோ அதற்கான அமைப்போ ஒருவரை ஆபத்தானவர் என்று தீர்மானித்திருந்தாலும், அவருடைய விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் சேர்க்க ஆணையிட்டிருந்தாலும் மட்டுமே தடை வரும். தானாகவே போய்ச் சேர்ந்தவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை, சில மாநிலங்களின் சட்டம் இன்னும் கடுமையானது. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவருக்கு 2005லேயே கட்டாயச் சிகிச்சைக்கு நீதிமன்ற ஆணை இருந்தும், துப்பாக்கி வாங்குகிறவர்களைச் சரிபார்க்கும் பின்புலச் சோதனைப் பதிவேட்டுக்கு அது போய்ச் சேராததால் அவரால் துப்பாக்கி வாங்க முடிந்தது. அதன் பிறகே அந்தப் பதிவுகளைச் சீர்செய்யும் சட்டம் 2008 ஜனவரியில் கையெழுத்தானது. அங்கே முழுச் சுமையும் பதிவேட்டின் மேல். நம் நாட்டில் பெரும்பகுதி சுமை, சான்றில் கையெழுத்திடும் மருத்துவரின் மேல்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

முதலில் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் ஆயுதப் பிரிவில், யார் கையெழுத்திட்ட சான்றை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற பொது மருத்துவரின் கையெழுத்து போதும் என்று அங்கே சொன்னாலும், முன்பு மனநலச் சிகிச்சை பெற்றவர்கள் மனநல மருத்துவர் ஒருவரின் கருத்தையும் சேர்த்துப் பெறுவது நல்லது என்பதே என் எண்ணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

ஆதார் போன்ற அடையாளச் சான்று, புகைப்படம், நிரப்பப்படாத எஸ்-3 படிவம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டு, முன்பு உள்நோயாளியாக இருந்திருந்தால் மருத்துவமனை தந்த விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோகவும். பழைய சீட்டுகள் தொலைந்துபோயிருந்தால், உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது. வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் உதவும். தூக்கம், கோபம், குடிப்பழக்கம் பற்றி நாம் சொல்வதும் வீட்டார் சொல்வதும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பரிசோதனை அறையில்

மனநோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு, பி12 போன்ற இரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தால், மனநிலை மாற்றத்துக்கு உடல் சார்ந்த காரணம் உண்டா என்று பார்ப்பதற்காகத்தான் இருக்கும். பரிசோதனையின் மையம் உரையாடலே. நீங்கள் உள்ளே வந்து உட்காரும் விதம், பேச்சின் வேகம், முகத்தில் தெரியும் உணர்ச்சி, எண்ண ஓட்டம், பிறர் காதில் விழாத குரல் கேட்கிறதா, யாரோ உங்களுக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புகிறீர்களா என ஒவ்வொன்றையும் மருத்துவர் வரிசையாகக் கவனிப்பார். இன்றைய தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று தெருவில் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்கலாம். குழந்தைத்தனமான கேள்விகள் என்று எரிச்சலடைய வேண்டாம்; முதல் இரண்டும் கவனத்தையும் நினைவையும் அளக்கின்றன, மூன்றாவது ஒரு சூழ்நிலையில் எப்படி முடிவெடுப்பீர்கள் என்பதைக் காட்டுகிறது. இரு கைகளையும் நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தால், அது பெரும்பாலும் குடிப்பழக்கத்தை மனத்தில் வைத்து.

சில இடங்களில் வினாத்தாள்களும் தருவார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற தாளில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் மதுப்பழக்கத்துக்கானது. இவை எச்சரிக்கை தருபவை, நோயைத் தீர்மானிப்பவை அல்ல. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து யாரும் உங்களைத் தகுதியற்றவர் என்று எழுதக் கூடாது, நேரில் பேசாமல் தகுதியுள்ளவர் என்றும் எழுதக் கூடாது. பி.எச்.க்யூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததுண்டா என்பது. துப்பாக்கி கேட்கிறவரிடம் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கும்போது, நெருக்கடியில் இருப்பவரின் உயிருக்கே அது முதல் ஆபத்து. அதனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதும் இருந்தால், விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

முன்பு சிகிச்சை பெற்றவர்கள்

மறைப்பதால் வரும் விளைவு நோயால் வருவதைவிடக் கடுமையானது. முக்கியமான விவரத்தை மறைத்தோ தவறான தகவல் தந்தோ பெற்ற உரிமத்தை ரத்து செய்யலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. பொய்ச் சான்றில் கையெழுத்திடுவது மருத்துவருக்கும் தொழில்முறைக் குற்றம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, கொடுத்த ஒவ்வொரு சான்றையும் அவர் பதிவேட்டில் ஏற்றி, உங்கள் கையொப்பத்தையும் அங்க அடையாளம் ஒன்றையும் குறித்து, நகலும் வைத்திருக்க வேண்டும். அவர் மச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பது இதற்காகத்தான்.

உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் விரிவான கடிதம் ஒன்று கேளுங்கள். எவ்வளவு காலமாகத் தெரியும், அறிகுறிகள் எப்போது நீங்கின, மருந்து தொடர்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தற்கொலை முயற்சியோ வன்முறையோ எப்போதாவது இருந்ததா, மதுப்பழக்கம் உண்டா, இன்றைய நிலையில் முடிவெடுக்கும் திறன் எப்படி இருக்கிறது என்பவற்றுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். 'நலமாக இருக்கிறார்' என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. இந்தக் கடிதம் சான்று எழுதும் மருத்துவருக்கானது; உங்கள் நோயின் வரலாறு முழுவதும் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் ஏற வேண்டியதில்லை. மனநலத் தகவல்களை இரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தருகிறது. ஆகவே சான்றில் முடிவு மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். மாத்திரை அதிகத் தூக்கத்தையோ கைநடுக்கத்தையோ தருகிறதென்றால் அதையும் சொல்லுங்கள், ஆனால் பரிசோதனைக்காக ஒரு நாள்கூட மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில வாரங்களில் நோய் திரும்பி, ஆண்டுகளாகச் சேர்த்த நலம் கரைந்துபோவதுண்டு.

மறுக்கப்பட்டால்

மருத்துவர் சான்று தர மறுத்தால், இது நிரந்தரமான கருத்தா, சில மாதங்களுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு வரலாமா என்று கேளுங்கள். வேறொரு மனநல மருத்துவரின் கருத்தை நாடுவதில் தவறில்லை. முதலாமவர் சொன்னதை அவரிடம் மறைத்தால்தான் தவறு. அலுவலகம் மறுத்தால், காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும், கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொதுநலன் கருதித் தராமல் இருக்க மட்டும் விலக்கு உண்டு. ஆயுதச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவையும், காரணங்களோடு கூடிய மருத்துவக் கடிதத்தையும் சேர்த்து வைப்பது பலம். வங்கிக் காவலர் ஒருவருக்கு உரிமம் என்பது சம்பளம் என்பதால், அவர் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உரிமம் இருக்கும்போது நோய் வந்தால்

2019இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒருவருடைய மனநிலை எவ்வளவோ மாறக்கூடும், முன்பு ஒரு நாள் கையெழுத்திட்ட சான்று அதைக் காட்டாது. தொடர்ந்து தூக்கமின்மை, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, கடன் நெருக்கடி, இழப்பு, குடி அதிகமாவது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால், முதலில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். பரணில் ஒளித்துவைப்பது போதாது, அவருக்கு வீட்டின் எல்லா மூலையும் தெரியும். உரிமம் இல்லாத மற்றவர் அதை எடுத்துச் சென்று தன் வீட்டில் வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றமாகலாம். தேர்தல் காலத்தில் செய்வதைப் போலவே, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைப்பதே முறையான வழி. உரிமையாளர் தாமே சம்மதித்து ஒப்படைத்தால் மிக நல்லது. பெரும்பாலும், 'கொஞ்ச நாள் ஸ்டேஷனில் இருக்கட்டும் அண்ணா, உடம்பு தேறினதும் வாங்கிக்கலாம்' என்று பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள். கேட்காமல், ஆபத்து உடனடியாக இருந்தால், நீங்களே துப்பாக்கியைப் பறிக்கப் போகாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நலம்பெற்ற பின் திரும்பப் பெற, சிகிச்சை தந்த மருத்துவரின் புதிய கடிதம், நடப்பிலுள்ள உரிமம், அந்த ரசீது ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கிடையில் உரிமம் காலாவதியாகிறதென்றால், ஆயுதம் காவலில் இருந்தாலும் புதுப்பிக்கும் மனுவை உரிய நேரத்தில் கொடுத்துவிடுங்கள்.