சிறு தொழிற்சாலைக்குச் சங்கம் எதற்கு? ஆள் பயிற்சி முதல் சம்பளப் பேச்சு வரை

கோவை, திருப்பூர் பக்கம் இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் செய்கிறவரிடம் "முதலாளிகள் சங்கத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால், "இருக்கோம்ங்க, வருஷா வருஷம் சந்தா கட்டுறோம்" என்பார். மின்கட்டணம் ஏறினால் மனுக் கொடுக்க, கண்காட்சியில் ஸ்டால் பிடிக்க என்பதோடு சங்கத்தின் வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆனால் ஒரு சின்ன கம்பெனி தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத மூன்று பேர் அங்கே கிடைப்பார்கள்: பயிற்சி கொடுப்பவர், தொழிலாளர் சட்டம் தெரிந்தவர், சம்பளப் பேச்சில் பழகியவர். புதிதாகத் தொழிலில் இறங்கியவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சங்கம்?

கோவையில் 1929ல் தொடங்கிய இந்தியத் தொழில் வர்த்தக சபை எல்லாத் தொழிலுக்கும் பொது. 1969ல் வந்த கொடிசியா சிறுதொழில்களுக்கானது. பம்பு, மோட்டார் செய்கிறவர்களுக்குச் சீமா இருக்கிறது. நூற்பாலைக்கு 1933லிருந்து சைமா. திருப்பூரில் ஏற்றுமதிக்கு 1990ல் தொடங்கிய ஏற்றுமதியாளர்கள் சங்கம், பனியன் உற்பத்திக்கு அங்கேயும் ஒரு சைமா. கோவை சைமா வேறு, திருப்பூர் சைமா வேறு. விண்ணப்பத்தை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பொதுச் சங்கம் ஒன்று, உங்கள் தொழிலுக்கான சங்கம் ஒன்று என்று இரண்டில் இருந்தால் போதும்.

படி 2: கையில் கணக்கோடு போங்கள்

"நல்ல ஆள் கிடைக்கிறதில்லை" என்று புலம்பினால் எந்தச் சங்கமும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்து, இடது பக்கம் தொழிலாளர் பெயர்களை எழுதுங்கள். மேலே வேலைகள்: லேத், சிஎன்சி, வெல்டிங், அசெம்பிளி என்று. தையல் யூனிட் என்றால் ஓவர்லாக், சிங்கர், செக்கிங், அயர்னிங். ஒவ்வொரு கட்டத்திலும் 'தனியாகச் செய்வார்', 'பக்கத்தில் ஆள் வேண்டும்', 'தெரியாது' என மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

எந்த வேலைக்கு நேராக ஒரே ஒருவர்தான் 'தனியாகச் செய்வார்' என்று வருகிறதோ, அங்கேதான் ஆபத்து. ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அவர் நான்கு நாள் லீவு போட்டால் அந்த மெஷின் நின்றுவிடும். அந்த வேலைக்கு இரண்டாவது ஆளைத் தயார் செய்வதுதான் உங்கள் முதல் பயிற்சித் தேவை. இப்போது சங்கத்தில் போய்த் தெளிவாகக் கேட்கலாம்.

படி 3: பயிற்சியைக் கூட்டாக நடத்துங்கள்

இரண்டு பேருக்காக ஒரு பயிற்றுநர் வரமாட்டார். ஐந்து கம்பெனிகள் ஆளுக்கு இரண்டு பேரை அனுப்பினால் ஒரு பேட்ச் ஆகிவிடும். சங்கத்தின் அரங்கம், பக்கத்துப் பாலிடெக்னிக்கின் ஆசிரியர், மெஷின் விற்ற கம்பெனியின் டெக்னீஷியன், அவ்வளவுதான் தேவை. நூற்பாலைக்காரர்களுக்கு 1956ல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி நடத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதல் பேட்ச்சில் சூப்பர்வைசர்களைத்தான் அனுப்பச் சொல்வேன். ஆள் நிற்காமல் போவதற்குச் சம்பளம் எவ்வளவு காரணமோ, சூப்பர்வைசரின் வாயும் அவ்வளவு காரணம். நேற்றுவரை மெஷினில் நின்றவரைத் திடீரென்று பத்துப் பேருக்கு மேலே உட்கார வைக்கிறோம். எப்படிப் பேச வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை.

படி 4: அப்ரண்டிஸ்

30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு தொழில் பழகுகிறவர்களை எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் என்றால் விருப்பம்தான். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. அரசு போர்ட்டலில் பதிவும் ஒப்பந்தமும் கொஞ்சம் இழுக்கும். அதனால் ஏற்கெனவே செய்த உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் தடவை பதியுங்கள்.

படி 5: புகாருக்கு ஒரு வழி

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் குறைதீர்க் குழு வேண்டும். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. 10 பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு வேண்டும். இதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவரும் வேண்டும். சின்ன கம்பெனி சிக்கிக்கொள்வது இந்த வெளி ஆளிடம்தான். முதலாளியின் சித்தப்பா மகளைப் போட்டுக் கணக்குக் காட்டுவது பிரயோசனப்படாது. தகுதியானவர்களின் பட்டியல் இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தயாரிக்கச் சொல்லுங்கள்.

படி 6: சம்பளப் பேச்சு

திருப்பூரில் 1984ல் பஞ்சப்படி (விலைவாசிக்கு ஏற்ற படி) கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஊரில் இன்று பனியன் தொழிலுக்கான சம்பள உயர்வை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது ஒப்பந்தமாகப் போடுகின்றன. ஒப்பந்தப்படி கொடுக்காத கம்பெனிகள் உண்டு என்பது தொழிற்சங்கங்கள் விடாமல் சொல்லும் புகார். அது தனிக் கதை. ஆனாலும் இந்த முறையில் சின்ன முதலாளிக்கு ஒரு நிம்மதி இருக்கிறது: பக்கத்துக் கம்பெனி என்ன கொடுக்கிறது என்று ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை, அடுத்த வருட ஆர்டருக்கு விலை சொல்லும்போதே கூலிக் கணக்கும் கையில் இருக்கும்.

உங்கள் கம்பெனிக்குள் தனியாக ஒப்பந்தம் போடுவதென்றால் ஒன்றை மறக்காதீர்கள். நீங்களும் யூனியனும் மட்டும் போட்ட கையெழுத்து, கையெழுத்திட்ட தரப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போட்டால் அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும், இனிமேல் சேர்கிறவர்களுக்கும் சேர்த்துச் செல்லும். கையெழுத்துக்கு முன் வாசகத்தைச் சங்கத்தின் சட்ட ஆலோசகரிடம் காட்டுங்கள்.

படி 7: வடமாநிலத் தொழிலாளர்கள்

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகச் சமாதானம் சொன்னால் எடுபடாது. இந்தி, ஒடியா பேசத் தெரிந்த ஆள், காவல் நிலையத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற விவரம், எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி ஒட்ட ஒரு அறிவிப்பு, இவற்றைச் சங்கம் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க முடியும். உங்கள் சங்கத்தில் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கடைசியாக, செய்யக் கூடாத ஒன்று. "இவனை யாரும் வேலைக்கு எடுக்காதீங்க" என்று உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடும் பழக்கம் இருக்கிறது. அதில் சேராதீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் சாயங்காலத்துக்குள் தொழிலாளர்கள் குழுவுக்கு வந்துவிடும், அப்புறம் உங்கள் குறைதீர்க் குழுவுக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.