துபாயில் பெட் ஸ்பேஸ்: புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெட் ஸ்பேஸ் என்றால் பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுப்பது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறும் பையன்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் ரூமிலும் ஒட்டிக்கொள்ளலாம், மலையாளி ரூமிலும் ஒட்டிக்கொள்ளலாம். அந்த வசதிதான் பல நேரம் காலை வாருகிறது. ரூம் நடத்துகிறவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரர் என்று தெரிந்ததும், "நம்ம சேட்டன்தானே" என்று விசாரணையை முடித்துவிடுகிறார்கள். முன்னே போனவர்கள் ஏமாந்த அதே இடத்தில் இன்றைக்குப் போகிறவர்களும் ஏமாறுகிறார்கள்.

பாத்ரூமைக் கழுவு, அடுத்தவன் சோப்பை எடுக்காதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். இது கம்பெனி கேம்ப் (கம்பெனியே கொடுக்கும் தங்குமிடம்) கிடைக்காமல், "தங்குற இடத்த நீயே பாத்துக்கோ" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு.

டெபாசிட்டை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

தேராவிலோ சத்வாவிலோ ஒரு பிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட உரிமையாளர் ஒருவர். அவருக்கு பின்தேதியிட்ட செக் கொடுத்து வருட வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவர். அவரிடம் ஒரு ரூமை வாங்கி, இரும்புக் கட்டில் அடுக்கி ஆள் சேர்ப்பவர் மூன்றாமவர். உங்கள் காசு போவது இந்த மூன்றாமவர் கைக்கு. அது மேலே போய்ச் சேர்கிறதா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. மேலே ஒரு செக் திரும்பினால், மாதம் தவறாமல் கட்டிய நீங்களும் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் துபாய் வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால், எடுத்தவரோடு சேர்த்து உள்ளே இருப்பவரையும் வெளியேற்றலாம். நஷ்டஈடு கேட்கும் உரிமை உள்வாடகைக்காரருக்கு உண்டு. ஆனால் அதை உரிமையாளரிடம் கேட்க முடியாது, வாடகைக்கு எடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். கையில் ரசீது இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது?

"ரசீது கேட்டா தப்பா நெனைப்பாங்க" என்கிறார்கள். எரிச்சல் வருவது இங்கேதான். மளிகைக் கடையில் அரை திர்ஹம் மீதிக்கு நின்று கேட்கிற அதே ஆள், முதல் மாத வாடகையும் டெபாசிட்டுமாக ஆயிரத்து அறுநூறு திர்ஹத்தை ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நீட்டுகிறான். கொடுத்தவன் திருவட்டாறு, வாங்கியவன் பாறசாலை, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சிநேகிதன். மூன்றாம் மாதம் வாங்கியவன் போன் அணைந்துவிடும், அந்தச் சிநேகிதனும் "எனக்கும் அவனை அவ்வளவா தெரியாது" என்பான்.

காசு கொடுக்கும் முன் எஜாரி சான்றிதழை, அதாவது துபாயில் வாடகை ஒப்பந்தம் அரசிடம் பதிவானதற்கான சான்றிதழைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது மூன்று: யார் பெயர், எந்தப் பிளாட் எண், எந்தத் தேதியில் முடிகிறது. முடிய இருபது நாள்தான் இருக்கிறது என்றால் டெபாசிட் கொடுக்காதீர்கள். வாடகைக்கு எடுத்தவரால் துபாய் ரெஸ்ட் என்ற அரசுச் செயலியில் உடன் தங்குபவர்களைப் பதிவு செய்ய முடியும். உங்கள் பெயரைச் சேர்ப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில். ஷார்ஜாவில் எஜாரி கிடையாது, நகராட்சி முத்திரையுள்ள ஒப்பந்தம், அபுதாபியில் தவ்தீக் என்ற ஒப்பந்தப் பதிவு.

ரசீதில் வாடகை தனியாக, டெபாசிட் தனியாக, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, மின்சாரமும் தண்ணீரும் உள்ளடக்கமா என்ற நான்கும் வேண்டும். முடிந்தவரை வங்கி வழியாக அனுப்புங்கள். முதல் பதினைந்து நாளுக்கு மட்டும் காசு கொடுத்து இருந்து பார்க்க ஒத்துக்கொள்கிற ரூம்களும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் ஐம்பது திர்ஹம் கூடப் போனாலும் அதை எடுங்கள்.

பிளைவுட் தடுப்பு வைத்த 'பார்ட்டிஷன்' என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா, ரஃபா, பர்ஷா பகுதிகளில் நகராட்சி இதற்காகவே சோதனைகள் நடத்தியது. தடுப்பைப் பிரிக்கும் நாளில் உங்கள் கட்டிலுக்கு இடம் இருக்காது.

ரூமை உங்கள் பெயரில் எடுப்பது

வேண்டாம். நாலு மாதத்தில் செக் புத்தகம் வந்ததும் "நீ பேரு மட்டும் குடு, வாடகைய பிரிச்சுக்கலாம்" என்பார்கள். 2022 ஜனவரி முதல் பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செக்கை வைத்தே நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம், பயணத் தடைவரை வரும்.

மூட்டைப்பூச்சி

பெட்டியை மெத்தைமேல் வைக்கும் முன் போன் டார்ச்சை அடித்து மெத்தைத் தையலையும், கட்டில் குழாய் மூட்டுகளையும், ஸ்க்ரூ துளைகளையும் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது எச்சம். கடித்த தடிப்பு சிலருக்கு நாள் கழித்துத்தான் தெரியும். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று ரூம்மேட் சொல்வதை நம்பிப் பயனில்லை.

ஒரு கட்டிலுக்கு மட்டும் மருந்தடித்தால் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். ரூம் முழுக்க ஒரே நாளில் அடிக்க வேண்டும். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடியும். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் போதும்.

பிளக்

அங்கே மூன்று செவ்வக முனை, உள்ளே அதிகபட்சம் 13 ஆம்பியர் ஃபியூஸ். நம் உருண்டை முனையை, மேல் துளையில் பேனா மூடியைச் செருகித் திணிக்கிறார்கள். தொடர்பு இறுகாமல் சூடேறிச் சாக்கெட் உருகும், எர்த்தும் கிடையாது. 13 ஆம்பியர் என்றால் மொத்தம் ஏறக்குறைய 3,000 வாட்தான். 2,000 வாட் இண்டக்‌ஷனும் 1,500 வாட் கெட்டிலும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடக்கூடாது. ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் அலுமினியத் தாளைச் சுற்றி மாட்டுகிற வீரர்கள் இருக்கும் ரூமில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுக்காதீர்கள்.

மேல்தட்டு

ஏசி நேரே முகத்தில் அடிக்கும். இரவு ஷிஃப்ட் என்றால் வாசலுக்குத் தூரமான கீழ்க்கட்டில்.

ரூமுக்கு என்று கொண்டுபோகும் பார்சல்

"வரும்போ வீட்ல மசாலா தருவாங்க, வாங்கிட்டு வா" என்பார்கள். கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், அரைத்துக் கலந்திருந்தாலும் வழக்குதான். டிரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து முன் அனுமதியில்லாமல் கூடாது. பிரித்துக் காட்டாத பார்சலை அம்மாவே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாஸ்போர்ட்

ரூம் நடத்துபவரிடம் கொடுக்கக்கூடாது. நகல் போதும்.

காலி செய்யும்போது

வாய்ஸ் மெசேஜ் போதாது. தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். கடைசி மாதத்தை டெபாசிட்டில் கழிப்பது ரசீதில் இருந்தால் மட்டும். மெத்தை, அலமாரி, சாவி மூன்றையும் படமெடுத்து அதே உரையாடலில் போட்டுவிடுங்கள்.