பினாங்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வறட்சி மாதங்களுக்கு ஆயத்தமாகும் முறை

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயினும், மாநிலம் சுத்திகரிப்புக்கு எடுக்கும் நீரில் சுமார் 80 விழுக்காட்டை மூடா ஆறு ஒன்றே தருகிறது. கெடாவின் உலு மூடா காட்டிலிருந்து வரும் அந்த ஆற்றை நம்பி அங்குள்ள மக்களும் வயல்களும் இருக்கின்றன. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகள் நமக்குக் கைகொடுப்பவையே தவிர, ஆற்றுக்கு ஈடாக மாட்டா. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பதால், மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாத நாட்கள் நீள்வதும் இனி நாம் எதிர்பார்க்க வேண்டியவையே. டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறையும் என்பதால், குடியிருப்பு நிர்வாகக் குழுக்கள் கீழ்க்காணும் வேலைகளை நவம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

புதிய தொட்டி வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். எல்லாரும் உறங்கும் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், கீழ்த்தொட்டி நிரம்பிய பிறகு, மேலே ஏற்றும் பம்பை நிறுத்திவிட்டுப் பொது மீட்டரைப் பாருங்கள். தொட்டி நிறைந்தும் பம்பு நின்றும் இருக்கையில் மீட்டர் ஓடினால், தண்ணீர் எங்கோ வீணாகிறது என்று பொருள். வழிவுக் குழாயின் வாய் ஈரமாக இருந்தால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை. அது காய்ந்திருந்தால், மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள குழாயையோ தொட்டியின் சுவரையோ சந்தேகிக்க வேண்டும். பின்னர் மொட்டைமாடித் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி, ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்பது 120 லிட்டர். அந்த நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால், பெரும்பாலும் வீடுகளின் கழிப்பறைத் தொட்டிகளே காரணமாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்குப் பயன்படும் வண்ணத்தைக் கழிப்பறைத் தொட்டியில் சில துளி விட்டு, இருபது நிமிடம் அந்தத் தொட்டியின் நீரைத் திறந்துவிடாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். வண்ணம் கீழே கோப்பைக்குள் இறங்கியிருந்தால் ரப்பர் அடைப்பானை மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. குழுவே மொத்தமாக வாங்கிப் பொருத்திக் கொடுப்பதுதான் விரைவான வழி.

அடுத்து, கையிருப்பைக் கணக்கிட வேண்டும். 120 வீடுகளில் 480 பேர் வசிப்பதாகவும், கீழும் மேலும் சேர்த்து 1,20,000 லிட்டர் கொள்ளளவு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பினாங்கில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு 250 லிட்டருக்கு மேல் செலவிடுகிறார் என்பதால், வழக்கம்போல் வாழ்ந்தால் இந்த நீர் ஒரு நாளுக்குக்கூடப் போதாது. 2018இல் கடும் வறட்சியின்போது கேப்டவுன் நகரம் விதித்த 50 லிட்டர் வரம்புக்குள் இருந்தால் இதே நீர் ஐந்து நாட்களுக்கு வரும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் 14 வரை விநியோகம் தடைப்பட்டதை நினைத்தால், ஐந்து நாள் என்பது மிகையான இலக்கு அன்று. தீயணைப்புக்கென ஒதுக்கிய நீரை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை செல்லும் உறவினர்கள் வந்து தங்கும் வாரமும் இந்த வறண்ட காலத்தில்தான் வருகிறது. எனவே விருந்தினரையும் சேர்த்தே ஆட்களை எண்ணுங்கள்.

தடை தொடங்கியதும் பல குடியிருப்புகளில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று திறந்துவிடுகிறார்கள். இதை நான் முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து எப்போது வருமோ என்ற அச்சத்தில் மக்கள் தேவைக்கு மேல் பிடித்து வைக்கிறார்கள். மறுநாள் புதுநீர் வந்ததும் பழையதைக் கொட்டிவிடுகிறார்கள். வெறுமையான குழாய்க்குள் அழுக்கும் உறிஞ்சப்படலாம். மொட்டைமாடி வால்வைப் பாதிக்கு மேல் மூடி, குழாயில் நீர் மெலிதாக வரும்படி வைத்தால், கிடைப்பது குறைந்தாலும் பதற்றம் எழாது. மேல்மாடிகளில் நீரே வராமல் போனால் மட்டும் நேரம் குறித்துத் திறக்கலாம். முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, யார் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் எழுதி வையுங்கள்.

கூரைநீரைச் சேமிக்க இடமிருந்தால் செய்யுங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். முதலில் வரும் அழுக்கு நீரை ஒதுக்கிவிட்டால் மீதி கழிப்பறைக்கும் நடைபாதை கழுவவும் உதவும். குடிக்க ஆகாது.

பிடித்து வைத்த நீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதை மறக்கலாகாது. வாளிகளையும் பீப்பாய்களையும் இறுக மூடுங்கள். அதன் முட்டைகள் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது அவசியம். வெறுமனே கவிழ்த்து வைத்தால் போதாது.

விநியோகம் திரும்பியதும் உடனே பம்பைப் போடாதீர்கள். கீழ்த்தொட்டிக்கு முந்தைய குழாயைத் திறந்து, கலங்கிய நீரைக் கழிப்பறைக்கெனத் தனியே பிடித்துவிட்டு, தெளிந்த பின்னரே தொட்டிக்குள் விட்டு மேலே ஏற்றுங்கள்.